கேஷ் ரேமிலா, டிஸ்க்கிலா? கணக்குப் போட்டு முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தளம் மெதுவாக இருக்கிறது என்று புகார் வந்ததும் டீமில் யாராவது ஒருவர் "ரெடிஸ் போட்டுடலாம்" என்பார். ஒரு முறை உருவாக்கியதை மறுபடி கொடுக்க எடுத்துவைப்பதுதான் கேஷ்; ரெடிஸ் அதை ரேமில் வைக்கும் மென்பொருள். யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். ரேம் வேகம், டிஸ்க் மெதுவு என்பது கல்லூரி முதல் வருடத்திலேயே மண்டையில் ஏறிய பாடம். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். அப்புறம் ஒரு நாள், ரெடிஸில் இருந்ததை எடுத்து டிஸ்க்கில் வைத்ததும் தளம் வேகமானதைக் கண்ணால் பார்த்தேன். முதலில் அளந்த விதத்தில்தான் தப்பு என்று நினைத்தேன். தப்பு என் கணக்கில் இருந்தது. அந்தக் கணக்கை முதலிலிருந்து போட்டுக் காட்டுவதுதான் இந்தக் கட்டுரை.

கையில் ஒரு உதாரணம் இருந்தால் பேச வசதி. ஒரே ஒரு வாடகை சர்வர்: 4 ஜிபி ரேம், 80 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்). அதில் பிஎச்பியில் எழுதிய ஓர் ஆன்லைன் கடை, டேட்டாபேஸாக மைஎஸ்க்யூஎல், முன்னால் வெப் சர்வராக என்ஜின்எக்ஸ். எண்களை உங்கள் சர்வருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை மாறாது.

படி 1: எதையெல்லாம் கேஷ் செய்கிறோம் என்று தாளில் எழுதுங்கள்

"எங்கள் கேஷ்" என்று ஒருமையில் பேசுவதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. ஒரே தளத்தில் குணம் வேறுவேறான நான்கைந்து பொருள்கள் இருக்கும். நம் கடையில் இருப்பவை இவை:

- கடையின் செட்டிங்ஸ், வகைப் பட்டியல். மொத்தமே 200 கேபி. ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும் பல முறை வேண்டும்.
- பொருள் பக்கங்களின் தயார் எச்டிஎம்எல். ஒன்று 20 கேபி, 40,000 பொருள்கள், தமிழ் ஆங்கிலம் இரண்டிலும். மொத்தம் 1.6 ஜிபி. ஒரு பக்கத்தைப் புதிதாக உருவாக்க 300 மில்லிசெகண்ட்.
- அளவு மாற்றிய படங்கள், பிடிஎஃப் பில்கள். ஒன்று 150 கேபி, 2 லட்சம் கோப்புகள், மொத்தம் 30 ஜிபி.
- லாகின் செஷன், ஓடிபி எத்தனை முறை கேட்டார் என்ற கவுன்டர். ஒன்று சில நூறு பைட். ஒவ்வொரு கிளிக்கிலும் மாறும்.

ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு விஷயம் எழுதுங்கள்: ஒன்றின் அளவு, எண்ணிக்கை, திரும்ப உருவாக்க ஆகும் நேரம், எவ்வளவு அடிக்கடி மாறும். அதோடு இன்னொரு கேள்வி: இது இப்போது மொத்தமாகத் தொலைந்தால் என்ன ஆகும்? படங்கள் தொலைந்தால் மறுபடி உருவாக்கலாம். செஷன் தொலைந்தால் கடையில் இருக்கும் அத்தனை பேரும் லாக்அவுட் ஆவார்கள், சிலர் பணம் கட்டும் பாதியில். தொலைந்தால் திரும்ப உருவாக்க முடியாத ஒன்றை என் கணக்கில் கேஷ் என்றே சொல்லக்கூடாது. அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். படி 6-இல் அதற்கு வருகிறேன்.

படி 2: வேகத்தை முழு ரிக்வெஸ்டோடு ஒப்பிடுங்கள்

ரேமிலிருந்து ஒரு துண்டு டேட்டா எடுக்க ஏறக்குறைய 100 நானோசெகண்ட். என்விஎம்இ எஸ்எஸ்டியில் ஏதோ ஓர் இடத்திலிருந்து 4 கேபி படிக்க ஏறக்குறைய 100 மைக்ரோசெகண்ட், அதாவது ஆயிரம் மடங்கு. சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் 10 மில்லிசெகண்ட் வரை போகும். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட் எடுக்கிறது. வேண்டிய இடம் வந்து சேர சராசரியாக அரைச் சுற்று, அதற்கே 4 மில்லிசெகண்ட் போய்விடும். ஹெட் நகரும் நேரம் தனி.

ஆயிரம் மடங்கு என்றதும் மலைப்பாக இருக்கும். ஆனால் நம் பொருள் பக்கத்தை உருவாக்க 300 மில்லிசெகண்ட். அதை ரேமிலிருந்து கொடுத்தால் மிச்சமாவது 299.9999. எஸ்எஸ்டியிலிருந்து கொடுத்தால் 299.9. வாங்க வந்தவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், ஒரே ரிக்வெஸ்டில் கேஷை எத்தனை முறை தொடுகிறோம் என்பதில். செட்டிங்ஸை ஒரு பக்கம் 200 முறை கேட்கிறது என்று வையுங்கள் (சிரிக்காதீர்கள், எண்ணிப் பார்த்தால் உங்கள் ஃபிரேம்வொர்க்கும் இதற்குச் சளைக்காது). ஒவ்வொரு முறையும் எஸ்எஸ்டிக்குப் போனால் 20 மில்லிசெகண்ட் அதிலேயே கரையும். ரேமில் இருந்தால் கணக்கிலேயே வராது.

இங்கே பலர் தவறவிடும் இன்னொரு எண் இருக்கிறது: நெட்வொர்க். ரெடிஸ் வேறொரு சர்வரில் இருந்தால், ஒரே டேட்டா சென்டருக்குள்ளேயே போய்வர 100 முதல் 500 மைக்ரோசெகண்ட் வரை ஆகலாம். அப்படியென்றால் பக்கத்துச் சர்வரின் ரேமும் சொந்த எஸ்எஸ்டியும் கிட்டத்தட்ட ஒரே தூரம். சில சமயம் எஸ்எஸ்டியே பக்கம். 200 கீகளை (கேஷில் ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள பெயர்) ஒவ்வொன்றாகக் கேட்டு 100 மில்லிசெகண்டை நெட்வொர்க்குக்கே தாரை வார்த்த கோடை நான் திருத்தியிருக்கிறேன். எம்கெட் கட்டளையால் எல்லாக் கீகளையும் ஒரே தடவையில் கேட்டதும் பிரச்சினை தீர்ந்தது. ஆக, ரேம் என்று சொல்லும்போது யாருடைய ரேம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்: அதே பிராசஸின் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின்) ரேமா, அதே சர்வரின் ரேமா, கம்பிக்கு அந்தப் பக்கத்து ரேமா?

படி 3: உங்கள் டிஸ்க் கேஷ் ஏற்கெனவே ரேமில்தான் இருக்கிறதா என்று பாருங்கள்

இதை நம்பச் சொல்லவில்லை, செய்தே பாருங்கள். லினக்ஸ் சர்வரில் சில நாளாக யாரும் தொடாத 1 ஜிபி கோப்பு ஒன்றைத் தேடுங்கள். கேட் கட்டளையால் அதைப் படித்து டெவ்-நல்லுக்கு (வந்ததையெல்லாம் தூக்கி எறியும் இடம்) அனுப்புங்கள். முன்னால் டைம் சேர்த்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொண்டு, அதே கட்டளையை உடனே மறுபடி ஓட்டுங்கள். இரண்டாம் முறை நேரம் பொசுக்கென்று குறைந்திருக்கும். இப்போது ஃப்ரீ கட்டளையை மைனஸ் ஹெச் போட்டு ஓட்டினால், பஃப்-கேஷ் என்ற பத்தி முன்பைவிட ஏறக்குறைய 1 ஜிபி கூடியிருக்கும்.

லினக்ஸ் சும்மா கிடக்கும் ரேமை வீணடிப்பதில்லை. படித்த கோப்புகளை அதில் வைத்துக்கொள்கிறது. இதற்குப் பெயர் பேஜ் கேஷ். அடிக்கடி படிக்கும் கோப்பு டிஸ்க்கில் இருக்கிறது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அது ரேமிலிருந்தே வந்துகொண்டிருக்கும். எந்தக் கோப்பில் எவ்வளவு ரேமில் இருக்கிறது என்று துல்லியமாகப் பார்க்க விஎம்டச் என்ற சின்னக் கருவி இருக்கிறது.

இந்தச் சிந்தனையின் மேலேயே ஒரு மென்பொருள் எழுந்தது. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் வேலை செய்த பவுல்-ஹென்னிங் காம்ப், நார்வேயின் வெர்டென்ஸ் காங் பத்திரிகையின் தளத்துக்காக வார்னிஷ் கேஷை வடிவமைத்தார். முதல் பதிப்பு 2006-இல் வந்தது. பழைய கேஷ் சர்வர்கள், எது ரேமில் எது டிஸ்க்கில் என்று தாங்களே தூக்கி மாற்றிக்கொண்டிருந்தன. அதே வேலையைக் கெர்னலும் செய்கிறது, இருவரும் ஒருவர் காலை ஒருவர் மிதிக்கிறார்கள், அந்த வேலையைக் கெர்னலிடமே விட்டுவிடுவோம் என்பது அவருடைய வாதம்.

பேஜ் கேஷை முழுதாக நம்பிவிடவும் கூடாது. அது நம் சொல் கேட்காது. நடுராத்திரி பேக்கப் ஓடி 30 ஜிபியைப் படித்தால், பகலெல்லாம் சூடாக இருந்த கோப்புகள் வெளியே தள்ளப்படலாம். காலையில் முதலில் வரும் சிலருக்குத் தளம் கொஞ்சம் மந்தமாகத் தெரியும். கன்டெய்னரில் ஓட்டினால், அதன் மெமரி வரம்புக்குள் பேஜ் கேஷும் சேர்த்தே எண்ணப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 4: ஹிட் ரேட்டைக் கணக்கில் கொண்டு வாருங்கள்

என்னைத் திருத்திய கணக்கு இதுதான்.

கேஷில் கிடைத்தால் எவ்வளவு வேகம் என்பதையே எல்லோரும் பார்க்கிறோம். கிடைக்காமல் போனால் எவ்வளவு நஷ்டம் என்பது அதைவிடப் பெரிது. நம் பொருள் பக்கங்களுக்கு ரெடிஸில் 400 எம்பி ஒதுக்க முடிந்தது என்று வையுங்கள். 1.6 ஜிபியில் கால் பங்குதான் அடங்கும். மக்கள் அடிக்கடி பார்க்கும் பொருள்கள் அதில் இருப்பதால் ஹிட் ரேட், அதாவது கேட்டது கேஷிலேயே கிடைக்கும் பங்கு, 80 சதவீதம் வரலாம். மீதி 20 சதவீதத்துக்கு 300 மில்லிசெகண்ட் ஆகும். சராசரி: 0.2 × 300 = 60 மில்லிசெகண்ட்.

அதையே டிஸ்க்கில் வைத்தால் 1.6 ஜிபியும் அடங்கும். புதிதாக வந்தவை, விலை மாறியதால் அழித்தவை மட்டும் கிடைக்காது. ஹிட் ரேட் 98 சதவீதம் என்று கொள்வோம். சராசரி: 0.02 × 300 + 0.98 × 0.1. அதாவது 6 மில்லிசெகண்டுக்குச் சற்று மேல்.

ஆயிரம் மடங்கு மெதுவான இடத்தில் வைத்தும் சராசரி பத்தில் ஒரு பங்காகிவிட்டது. நான் அன்று பார்த்தது இதைத்தான். ரெடிஸ் தன் வேலையில் குறை வைக்கவில்லை. கொடுத்த இடம் போதாமல் தினமும் லட்சக்கணக்கான பக்கங்களை வெளியே எறிந்துகொண்டிருந்தது. நாங்கள் அதைப் பார்க்கவே இல்லை.

பேஸ்கேம்ப் மென்பொருளை நடத்தும் 37சிக்னல்ஸ் இதைப் பெரிய அளவில் செய்தது. அவர்கள் எழுதிய சாலிட் கேஷ், கேஷை டிஸ்க்கில் உள்ள டேட்டாபேஸ் டேபிளில் வைக்கிறது. பேஸ்கேம்ப்பில் 10 டிபி அளவுக்குக் கேஷ் வைத்து 60 நாள் வரை காக்க முடிகிறது, பக்கம் தயாராகும் நேரத்தின் பி95 (நூற்றுக்கு 95 ரிக்வெஸ்ட் இதற்குள் முடியும் என்ற அளவு) பாதியாகக் குறைந்தது என்று 2024 நவம்பரில் ரெயில்ஸ் ஃபிரேம்வொர்க்கின் 8-ஆம் பதிப்பு வெளியானபோது அறிவித்தார்கள். அந்தப் பதிப்பிலிருந்து ரெயில்ஸில் புதிய ஆப்களுக்கு அதுதான் இயல்புத் தேர்வு. 10 டிபி ரேம் வாங்க என்ன செலவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. உங்கள் மொத்தக் கேஷும் 200 எம்பிதான், ரேமில் முழுதாக அடங்குகிறது என்றால் இரண்டு பக்கமும் ஹிட் ரேட் ஒன்றுதான். அப்போது டிஸ்க்குக்குப் போக எந்தக் காரணமும் இல்லை.

படி 5: ரேமில் உண்மையில் எவ்வளவு மிச்சம்?

4 ஜிபியில் மைஎஸ்க்யூஎல் பஃபர் பூலுக்கு (டேட்டாபேஸ் தன் டேட்டாவை ரேமில் வைக்கும் இடம்) 1.5 ஜிபி. பிஎச்பி வொர்க்கர் (ரிக்வெஸ்டைக் கவனிக்கும் பிராசஸ்) 20, ஒன்றுக்கு 50 எம்பி, அது 1 ஜிபி. சிஸ்டத்துக்கும் மற்ற சில்லறைக்கும் 0.5. மிச்சம் 1 ஜிபி. பேஜ் கேஷும் அதற்குள்தான் வாழவேண்டும்.

அதில் ரெடிஸுக்கு 800 எம்பி கொடுத்தால் என்ன ஆகும்? ரெடிஸ் தன் டேட்டாவை டிஸ்க்கில் ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது ஃபோர்க் செய்து ஒரு துணைப் பிராசஸை உருவாக்குகிறது. அது எழுதி முடிப்பதற்குள் மாறும் ஒவ்வொரு மெமரிப் பேஜுக்கும் (ரேமின் ஒரு சிறு துண்டு) ஒரு நகல் வேண்டும். எழுத்து அதிகமாக இருக்கும் நேரத்தில் மெமரித் தேவை இரட்டிப்பு வரை போகலாம். ரேம் தீர்ந்தால் கெர்னல் ஒரு பிராசஸைக் கொன்று இடம் பிடிக்கும். அதிக ரேம் வைத்திருப்பவர்தான் பெரும்பாலும் மாட்டுவார். நம் சர்வரில் அது மைஎஸ்க்யூஎல். கேஷ் போட்டு வேகப்படுத்தப் போய் டேட்டாபேஸையே படுக்க வைத்த கதையாகிவிடும்.

அமுக்கி வைத்தால்? நல்ல கேள்வி. எச்டிஎம்எல்லை ஜிஜிப்பில் அமுக்கினால் பெரும்பாலும் கால் பங்குக்கும் கீழே இறங்கும். 1.6 ஜிபி 400 எம்பி ஆகும், ரேமிலும் அடங்கிவிடும். இப்போது போட்டி சமம். இந்த இடத்தில் நான் மறுதொடக்கத்தைப் பார்ப்பேன். தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து 80,000 பக்கம், ஒன்றுக்கு 300 மில்லிசெகண்ட். கேஷ் முழுதும் காலியானால் மறுபடி நிரப்ப 24,000 விநாடி வேலை, அதாவது 6 மணி 40 நிமிடம். டிஸ்க்கில் இருந்தால் ரீபூட் ஆகி எழுந்தாலும் அத்தனையும் அப்படியே இருக்கும். ரெடிஸிலும் ஸ்னாப்ஷாட்டை வைத்து மீட்கலாம்தான். ஆனால் டிஸ்க்கில் எழுதிக் காப்பாற்றும் அளவுக்கு வந்துவிட்டால் முதலிலேயே டிஸ்க்கில் வைத்திருக்கலாமே. பொருள் பக்கங்களை நான் அமுக்கி டிஸ்க்கில்தான் வைப்பேன்.

இந்தப் பேரம் புதிதல்ல. எவ்வளவு அடிக்கடி தொடப்படும் டேட்டாவுக்கு ரேம் வாங்குவது கட்டுப்படியாகும் என்று ஜிம் கிரேயும் ஃபிராங்கோ புட்சோலுவும் 1987-இல் அன்றைய ரேம், டிஸ்க் விலையை வைத்துக் கணக்குப் போட்டார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறையாவது தொடப்பட்டால் ரேமில் வை என்பது விடை. ஐந்து நிமிட விதி என்றே பெயர் நின்றுவிட்டது. விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால் அந்த ஐந்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்ட கேள்வி இன்றும் சரியானது.

படி 6: ரேம் என்று முடிவானால்

நம் கடையில் செட்டிங்ஸும் கவுன்டரும் செஷனும் இந்தப் பக்கம்.

செட்டிங்ஸ் 200 கேபிக்கு ரெடிஸ்கூட வேண்டாம். பிஎச்பியில் ஏபிசியூ என்ற ரேம் கேஷ் போதும். எஃப்பிஎம் (தளத்துக்காக பிஎச்பியை ஓட்டும் சேவை) வொர்க்கர்கள் எல்லோரும் ஒரே பகிர்ந்த மெமரியைப் பார்ப்பார்கள். ஒரு பொறி மட்டும் உண்டு. கிரானில் (நேரம் குறித்து வேலைகளை ஓட்டும் கருவி) ஓடும் கமாண்ட்லைன் பிஎச்பிக்கு அந்த மெமரி தெரியாது. கிரான் ஸ்கிரிப்டில் கேஷை அழித்துவிட்டேன் என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள். தளம் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும்.

பைத்தானில் இது இன்னும் விசித்திரமாக வெளிப்படும். ஜாங்கோ ஃபிரேம்வொர்க்கில் கேஷுக்கு எந்த செட்டிங்கும் கொடுக்காவிட்டால் லோக்மெம் என்ற ரேம் கேஷ் வேலை செய்யும். அது பிராசஸுக்கு ஒன்று. கனிகார்ன் என்ற பைத்தான் சர்வரில் நான்கு வொர்க்கர் ஓடினால் நான்கு தனித்தனி கேஷ். நிர்வாகி ஒரு பொருளின் விலையை 450-லிருந்து 399 ஆக்குகிறார். அவருடைய ரிக்வெஸ்ட் எந்த வொர்க்கரிடம் போனதோ அதில் மட்டும் பழையது அழியும். பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தால் 399, மறுபடி செய்தால் 450, மறுபடி 450, அப்புறம் 399. "சார், விலை ஆடுது" என்று எனக்கு ஒரு போன் வந்தது. டேட்டாபேஸ் கெட்டுவிட்டதோ என்று அரை மணி நேரம் தேடினேன். மாறாத பட்டியல்களை வைத்துக்கொள்ள லோக்மெம் அருமை. விலை மாதிரி விஷயத்துக்கு ஆகாது.

ரெடிஸ் வைத்தால் முதல் நாளே இரண்டு செட்டிங்கைத் தொடுங்கள். 64-பிட் சிஸ்டத்தில் மேக்ஸ்மெமரி இயல்பாக 0, அதாவது வரம்பே இல்லை. இருக்கும் ரேமையெல்லாம் தின்னும். வரம்பு வைத்தால் அடுத்து எவிக்ஷன் பாலிசி, அதாவது இடம் நிறைந்தால் எதைத் தள்ளுவது என்ற விதி. இயல்பாக இருப்பது நோஎவிக்ஷன். இடம் நிறைந்ததும் பழையதைத் தள்ளாது, புதிதாக எழுத வந்தவருக்கு எர்ரர் கொடுக்கும். கேஷுக்கு வேண்டியது ஆல்கீஸ்-எல்ஆர்யூ, நெடுநேரமாகத் தொடாததைத் தள்ளும் விதி.

ஆனால் அதே ரெடிஸில் செஷனும் இருந்தால் ஆல்கீஸ்-எல்ஆர்யூ செஷனையும் தள்ளிவிடும். அதனால்தான் செஷனைக் கேஷ் என்று சொல்லாதீர்கள் என்றேன். செஷனுக்குத் தனியாக ஒரு சின்ன ரெடிஸ், நோஎவிக்ஷனோடு, ஏஓஎஃப் (மாற்றங்களை டிஸ்க்கில் பதிந்துகொண்டே வரும் வசதி) போட்டு. விநாடிக்கு ஒரு முறை டிஸ்க்கில் எழுதினால் போதும்.

இன்னொரு ரேம் கேஷான மெம்கேஷ்ட் பக்கம் போனால், இயல்பு மெமரி 64 எம்பி, ஒரு பொருள் 1 எம்பிக்கு மேல் இருந்தால் ஏற்காது. பல கிளையன்ட்களில் அந்த மறுப்பு சத்தமில்லாமல் நடக்கும்.

படி 7: டிஸ்க் என்று முடிவானால்

இங்கே பொறிகள் அதிகம். அனுபவித்ததை முதலில் சொல்கிறேன்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி, தளத்தில் எல்லாப் பக்கமும் 500 எர்ரர். லாகில் "டிஸ்க்கில் இடமில்லை". டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையை அடித்தால் 60 சதவீதம் காலியாக இருக்கிறது. கோப்பு உருவாக்க முயன்றால் இடமில்லை என்கிறது. பத்து நிமிடம் திருதிருவென்று விழித்த பிறகுதான் டிஎஃப்-ஐ மைனஸ் ஐ போட்டு ஓட்டத் தோன்றியது. ஐநோட் 100 சதவீதம்.

ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் ஐநோட் (அந்தக் கோப்பின் விவரக் குறிப்பு) வேண்டும். எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டத்தை ஃபார்மட் செய்யும்போது வழக்கமாக 16 கேபிக்கு ஒன்று என்று எண்ணிக்கை அப்போதே முடிவாகிவிடும். 80 ஜிபிக்கு ஏறக்குறைய 52 லட்சம். எங்கள் ஆப் ஒவ்வொரு தேடல் விடையையும் 300 பைட் கோப்பாகப் போட்டுக்கொண்டே இருந்தது. ஒரு கோப்பு 300 பைட்தான் என்றாலும் டிஸ்க்கில் 4 கேபி பிளாக் ஒன்றை முழுதாகப் பிடிக்கும். அரை கோடிக் கோப்பு, 20 ஜிபி. உள்ளே இருந்த நிஜ டேட்டா ஒன்றரை ஜிபி. அழிக்கும் கட்டளையான ஆர்எம்மில் நட்சத்திரம் போட்டால் பட்டியல் மிக நீளம் என்று திட்டியது. ஃபைண்டில் டிலீட் போட்டு விடியும்வரை காத்திருந்தோம்.

காலாவதியான கோப்புகளை யாரும் அழிக்கவில்லை என்பதுதான் மூல காரணம். ரெடிஸில் டிடிஎல் (பதிவின் ஆயுள்) முடிந்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். கோப்புக் கேஷில் அப்படி நினைக்காதீர்கள். பிஎச்பி ஃபிரேம்வொர்க்கான லாராவெல்லின் ஃபைல் டிரைவர், காலாவதியான கீயை யாராவது மறுபடி கேட்டால்தான் அந்தக் கோப்பை அழிக்கும். யாரும் கேட்காதது அப்படியே கிடக்கும். ஜாங்கோவின் ஃபைல் கேஷ் நேர் எதிர்: இயல்பாக 300 பதிவுதான் வைத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் மூன்றில் ஒரு பங்கைக் குருட்டாம்போக்கில் தேர்ந்து அழிக்கும். 40,000 பக்கத்தை அதில் போட்டுவிட்டு ஹிட் ரேட் ஏன் ஏறவில்லை என்று கேட்டால் விடை அந்த 300. இன்னொன்று, ஜாங்கோ அந்தக் கோப்புகளை பிக்கிள் (பைத்தான் டேட்டாவைக் கோப்பாக்கும் முறை) வடிவில் வைக்கிறது. அந்த ஃபோல்டரில் எழுத முடிந்த எவரும் உங்கள் சர்வரில் எந்தக் கோடையும் ஓட்டலாம். ஃபோல்டர் அனுமதியை இறுக்குங்கள்.

அடுத்து, எழுதும் முறை. கோப்பை நேராகத் திறந்து எழுதினால், பாதி எழுதியபோது இன்னொரு ரிக்வெஸ்ட் அதைப் படித்து அரைப் பக்கத்தை அனுப்பிவிடும். அதே ஃபைல்சிஸ்டத்தில் தற்காலிகப் பெயரில் முழுதாக எழுதிவிட்டு ரீநேம் செய்யுங்கள். படிப்பவருக்குப் பழையதோ புதியதோ முழுதாகக் கிடைக்கும். எஃப்சிங்க் (உடனே டிஸ்க்கில் பதியச் சொல்லும் கட்டளை) வேண்டாம், கரன்ட் போனால் போகட்டும், கேஷ்தானே.

சின்னச் சின்ன மதிப்புகள் லட்சக்கணக்கில் இருந்தால் தனித்தனிக் கோப்பை விட்டுவிட்டு எஸ்க்யூலைட்டில் (ஒரே கோப்பில் அடங்கும் டேட்டாபேஸ்) போடுங்கள். 10 கேபி அளவுள்ள துண்டுகளைத் தனிக் கோப்புகளாகப் படிப்பதைவிட எஸ்க்யூலைட்டிலிருந்து படிப்பது 35 சதவீதம் வரை வேகம் என்று எஸ்க்யூலைட் குழுவே சோதித்துச் சொல்லியிருக்கிறது. ஐநோட் கவலையும் இல்லை. பைத்தானில் டிஸ்க்கேஷ் நூலகம் இதைத்தான் உள்ளே செய்கிறது.

/டிஎம்பி ஃபோல்டரில் கேஷ் வைக்கும் பழக்கம் இருந்தால் ஒரு முறை சரிபாருங்கள். ஃபெடோராவிலும் டெபியன் 13-இலும் அது இயல்பாக டிஎம்பிஎஃப்எஸ், அதாவது ரேம். டிஸ்க்கில் வைத்ததாக நினைத்து ரேமைக் காலி செய்துகொண்டிருப்பீர்கள். ரீபூட் ஆனால் அதுவும் மிச்சமிருக்காது.

கிளவுடில் "டிஸ்க்" என்று கொடுப்பது பெரும்பாலும் நெட்வொர்க் வழியே வரும் டிஸ்க். அமேசானின் ஜிபி3 வகையில் அடிப்படை அளவு 3,000 ஐஓபிஎஸ், அதாவது விநாடிக்கு அத்தனை முறை படிக்கவோ எழுதவோ முடியும். 100 மைக்ரோசெகண்ட் என்று நான் சொன்ன கணக்கு அங்கே செல்லாது, மில்லிசெகண்ட் கணக்கில் யோசியுங்கள். சர்வரோடு ஒட்டிய உள்ளூர் என்விஎம்இ கிடைத்தால் அந்த வேகம் வரும், ஆனால் சர்வரை நிறுத்தினால் அதிலிருப்பதும் போய்விடும். கேஷுக்கு அது பரவாயில்லை.

இரண்டாவது சர்வர் சேரும் நாளில் கோப்புக் கேஷ் இரண்டாகிவிடும், விலை ஆடும் கதை மறுபடி தொடங்கும். அதைத் தீர்க்க என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே பகிரும் ஃபோல்டர்) போடாதீர்கள். அந்தக் கட்டத்தில் பகிர்ந்த ரெடிஸோ டேட்டாபேஸ் டேபிளோதான் சரி.

படி 8: இரண்டையும் அடுக்கலாமா?

உங்கள் பிரவுசர் தினமும் அதைத்தான் செய்கிறது. குரோமில் டெவ்டூல்ஸைத் திறந்து நெட்வொர்க் தாவலில் ஒரு செய்தித் தளத்தை ரீலோட் செய்யுங்கள். அளவு பத்தியில் சில படங்களுக்கு "மெமரி கேஷ்", சிலவற்றுக்கு "டிஸ்க் கேஷ்" என்று இருக்கும். சற்றுமுன் பார்த்தது ரேமில், நேற்றுப் பார்த்தது டிஸ்க்கில்.

மொபைல் ஆப்பில் படம் காட்டுபவர்களுக்கு இந்த அடுக்கு கட்டாயம். 4000-க்கு 3000 பிக்சல் படம் டிஸ்க்கில் ஜேபெக்காகச் சில எம்பிதான். திரையில் காட்ட விரித்தால் பிக்சலுக்கு 4 பைட் வீதம் 48 எம்பி. ஆகவே கிளைடு போன்ற நூலகங்கள் விரித்த சில படங்களை மட்டும் ரேமில் வைத்து, மற்றவற்றைச் சுருக்கமாக டிஸ்க்கில் வைக்கின்றன.

நம் கடையின் 30 ஜிபி படங்களுக்கு என்ஜின்எக்ஸின் பிராக்ஸி கேஷ் கச்சிதம். கோப்புகள் டிஸ்க்கில், கீகள் மட்டும் பகிர்ந்த ரேமில். 1 எம்பியில் சுமார் 8,000 கீ அடங்கும், 2 லட்சத்துக்கு 25 எம்பி போதும். லெவல்ஸ் 1:2 என்று கொடுத்தால் ஃபோல்டர்களை அதுவே பிரித்துக்கொள்ளும். மேக்ஸ் சைஸும் கொடுத்துவிடுங்கள். இன்ஆக்டிவ் இயல்பாக 10 நிமிடம்தான். அவ்வளவு நேரம் யாரும் கேட்காத படத்தை அழித்துவிடும். படங்களுக்கு அதை 30 நாளாக்குங்கள்.

நீங்களே கோடில் இரண்டு அடுக்கு எழுத நினைத்தால், ஒரே ஒரு கேள்வி: விலை மாறும்போது இரண்டிலும் அழிக்கும் கோடு எங்கே இருக்கிறது? உடனே விடை சொல்ல முடியாவிட்டால் ஓர் அடுக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 9: போட்டுவிட்டு அளங்கள்

ரெடிஸில் இன்ஃபோ கட்டளை கொடுத்தால் கீஸ்பேஸ் ஹிட்ஸ், கீஸ்பேஸ் மிஸ்ஸஸ், எவிக்டட் கீஸ் மூன்றும் வரும். மூன்றாவது எண் நாள்தோறும் வேகமாக ஏறினால் இடம் போதவில்லை. என்ஜின்எக்ஸ் லாகில் அப்ஸ்ட்ரீம் கேஷ் ஸ்டேட்டஸைச் சேர்த்தால் ஒவ்வொரு வரியிலும் ஹிட், மிஸ் தெரியும். டிஸ்க் திணறுகிறதா என்று ஐஓஸ்டாட் சொல்லும். சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். பி95-ஐயும் பாருங்கள், மிஸ் ஆனவர்களின் கஷ்டம் அங்கேதான் தெரியும்.

ஒரு வாரம் இந்த எண்களைக் குறித்துவிட்டு, ஆள் குறைவான ஒரு நேரத்தில் கேஷை முழுதாக அழித்துப் பாருங்கள். தளம் தட்டுத்தடுமாறி எழுந்துகொண்டால் சரி. எழவே இல்லை என்றால், ஒரே பக்கத்தை நூறு ரிக்வெஸ்ட் ஒரே சமயத்தில் உருவாக்கிக்கொண்டிருக்கும். முதலில் வந்தவர் மட்டும் உருவாக்க, மற்றவர்கள் காத்திருக்கும்படி ஒரு பூட்டுப் போடுங்கள். என்ஜின்எக்ஸில் பிராக்ஸி கேஷ் லாக்கை ஆன் செய்தால் அதுவே செய்யும்.